கரடி டப்பாவும் கோட்டாவும்: யோசெமிட்டி மலையில் ஒரு ராத்திரி தங்க ஏன் இவ்வளவு பிளான்?

இன்னைக்கு எபிசோடு ஒரு டப்பாவைப் பத்தி.

கலிபோர்னியாவில் யோசெமிட்டி தேசியப் பூங்கா இருக்கு. அங்கே ரோடும் ஹோட்டலும் இல்லாத உள்மலைக்கு நடந்து போய் டெண்ட் போட்டுத் தங்கணும்னா ரெண்டு விஷயம் கட்டாயம். ஒண்ணு, பெர்மிட். இன்னொண்ணு, கரடியால திறக்க முடியாத ஒரு கெட்டியான டப்பா. காலி டப்பாவே ஒரு கிலோ வரைக்கும், சிலது அதுக்கு மேலயும் எடை வரும். சாப்பாடு மட்டும் இல்ல, டூத்பேஸ்ட், சன்ஸ்கிரீன், குப்பைன்னு வாசனை வர்ற எல்லாமே அதுக்குள்ள போகணும்.

"காட்டுக்குப் போறதே சுதந்திரமா இருக்கத்தான், அதுக்கு எதுக்கு இத்தனை ரூல்?"னு கேட்கத் தோணும். நியாயமான கேள்விதான். ஆனா இந்த ரூல் ஒவ்வொண்ணும், மனுஷங்க அந்த மலையில் ஏற்கெனவே செஞ்ச ஏதோ ஒண்ணுக்கான பதில்.

யாரும் இல்லாத காடா?

ரூட் பிளான் பண்ண மேப்பைத் திறந்தா டெனாயா ஏரின்னு ஒரு பேர் கண்ணில் படும். டெனாயா என்பவர் அந்தப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த அவானீச்சி மக்களின் தலைவர். 1849 தங்க வேட்டைக்கு அப்புறம் சுரங்கக்காரங்க அந்த மலைகளுக்குள் நுழைஞ்சாங்க. மோதல் வந்தது. 1851-ல் மாரிபோசா பட்டாலியன் என்ற ஆயுதப்படை பள்ளத்தாக்குக்குள் போய், குடியிருப்புகளையும் மக்கள் சேர்த்து வெச்சிருந்த ஓக் கொட்டைக் களஞ்சியங்களையும் எரிச்சது. குளிர்கால உணவே அதுதான். அது போனா ஊரை விட்டுக் கிளம்புறதைத் தவிர வேற வழி இல்ல.

அந்தப் படையில் இருந்த லஃபாயெட் பன்னெல்தான் ஏரிக்கு டெனாயா பேரை வெச்சவர். அதுக்கு ஏற்கெனவே ஒரு பேர் இருக்குன்னு டெனாயா சொன்னதையும் அவரே பதிவு பண்ணியிருக்கார்.

13 வருஷம் கழிச்சு, 1864-ல், அதே பள்ளத்தாக்கைப் பொதுமக்களுக்கான இடமாக கலிபோர்னியா மாநிலத்திடம் ஒப்படைக்கும் சட்டத்தில் லிங்கன் கையெழுத்துப் போட்டார். 1890-ல் சுற்றியிருந்த மலைகள் தேசியப் பூங்கா ஆச்சு. மனுஷக் கால் படாத இடம்னு நாம போட்டோ எடுக்கிற இடத்துக்குப் பின்னாடி இதுவும் இருக்கு.

குப்பைமேட்டு ஷோ

டூரிஸ்ட் கூட்டம் வந்தது, கூடவே குப்பையும் வந்தது. குப்பை இருந்த இடத்துக்குக் கருங்கரடிகள் வந்தன. பூங்கா நிர்வாகம் அதைத் தடுக்கல. 1920-களில் ராத்திரி நேரத்தில் விளக்குப் போட்டு, கரடிகள் சாப்பிடுறதை மக்கள் உட்கார்ந்து பார்க்கிற ஷோவே நடத்தினாங்க. 1940 வாக்கில் ஷோ நின்னது. ஆனா கடைசிக் குப்பைமேடு மூடப்பட்டது 1971-ல்தான்.

அதுக்குள்ள தலைமுறை தலைமுறையா கரடிகளுக்கு மனுஷச் சாப்பாடு பழகிடுச்சு. குப்பைமேடு போனதும் அவை கேம்ப்களுக்குள் வந்தன. உள்மலையில் மக்கள் சாப்பாட்டுப் பையைக் கயிறு கட்டி மரத்தில் தொங்கவிட்டாங்க. கரடிகள் கயிறைக் கடிச்சன, கிளையை உடைச்சன, மெல்லிய கிளைன்னா குட்டியை ஏத்திவிட்டன. கார்களையும் விடல. 1998-ல் மட்டும் 1,500-க்கும் மேற்பட்ட சம்பவங்கள் பதிவாச்சு. 2001 முதல் 2007 வரை உடைபட்ட வண்டிகளை ஆராய்ந்தவங்க, கரடிகள் மினிவேனைத்தான் அதிகமாகத் தேர்ந்தெடுத்தன என்று கண்டுபிடிச்சாங்க. குழந்தைகள் சீட்டில் சிந்தின தின்பண்டம் ஒரு காரணமா இருக்கலாம்.

கேட்க சிரிப்பா இருக்கு. முடிவு சிரிப்பா இல்ல. மனுஷங்களைக் கண்டு பயப்படாத கரடி ஆபத்தான கரடி, அதனால அப்படி மாறின பல கரடிகளைப் பூங்கா நிர்வாகமே கொன்னது. சாப்பாட்டை அங்கே வெச்சது யாரு? நாம. உயிரை விட்டது கரடி.

இந்தச் சங்கிலியை அறுத்ததில் பெரிய பங்கு பூட்டும் இரும்புப் பெட்டிகளுக்கும், உள்மலையில் இந்த டப்பாவுக்கும் உண்டு. 2014-ல் வெளியான ஓர் ஆய்வு, கரடிகளின் முடியையும் எலும்பையும் வெச்சு அவை என்ன சாப்பிட்டன என்று கணக்குப் போட்டது. 1975–85 காலத்தில் மனுஷச் சாப்பாட்டின் பங்கு சுமார் 35 சதவீதம். 1999–2007-ல் 13 சதவீதம். கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு முன்னாடி இருந்த அளவு.

வாசலில் மட்டும் எண்ணுவோம்

இப்போ பெர்மிட். 1960-களின் கடைசியில் லேசான டெண்ட், லேசான பேக் எல்லாம் வந்து, இளைஞர்கள் மலையில் குவிஞ்சாங்க. ஏரிக்கரைகளில் புல் தேய்ஞ்சு வெறும் மண் ஆச்சு. 1972-ல் ராத்திரி தங்க பெர்மிட் கட்டாயம் ஆச்சு.

ஆனா எத்தனை பேரை விடுறது, எப்படி விடுறது? இதுக்கு விடை தேடினவர் பூங்காவின் ஆராய்ச்சியாளர் ஜான் வான் வாக்டென்டாங்க். மக்கள் ஃபார்மில் எழுதின பிளான்படி நடக்கிறதே இல்லைன்னு அவருக்குத் தெரிஞ்சது. எங்கே எந்த ராத்திரி படுப்பீங்கன்னு கட்டுப்படுத்துறதுக்குப் பதிலா, பாதை தொடங்கும் இடத்தில் மட்டும் ஒரு நாளைக்கு இத்தனை பேர்னு கோட்டா வெச்சா போதும். உள்ளே கூட்டம் எப்படிப் பரவும்னு கம்ப்யூட்டர் சிமுலேஷனில் கணிக்கலாம். நம்ம வேலையில் சர்வருக்கு முன்னாடி ரேட் லிமிட் போடுற மாதிரிதான். வாசலில் கண்டிப்பு, உள்ளே போனதும் உங்க இஷ்டம்.

அதனாலதான் இன்னைக்கும் பெர்மிட்டில் முக்கியமான வரி, எந்தப் பாதையில் எந்தத் தேதியில் நுழையறீங்க என்பது. 60 சதவீத இடம் 24 வாரம் முன்னாடி லாட்டரியில் போகும். மீதி 40 சதவீதம் 7 நாள் முன்னாடி திறக்கும். பிரபலமான பாதை கிடைக்கலன்னா, பேர் தெரியாத பாதையில் வார நாளில் தேடுங்க. அங்கே பெரும்பாலும் இடம் இருக்கும். டப்பா வாங்க வேண்டாம், பெர்மிட் கொடுக்கிற இடத்திலேயே வாடகைக்குக் கிடைக்கும். கிளம்புறதுக்கு முன்னாடி முதல் நாள் சாப்பாட்டைத் தவிர எல்லாத்தையும் வீட்டிலேயே அதுக்குள்ள அடுக்கிப் பாருங்க. மூடி மூடலன்னா சாப்பாட்டைக் குறைங்க. டூத்பேஸ்ட்டை மட்டும் வெளியே விட்டுடாதீங்க. மிச்சத்தை அடுத்த எபிசோடில் பேசலாம்.