கண்ணின் தெறிவினையும் அனுபவமும்

புதிய மூக்குக்கண்ணாடி அணிந்தோர், முதற் சில நாட்களில் தலையைத் திருப்புந்தோறும் எதிரிலுள்ள பொருள்கள் அசைவன போலத் தோன்றுவதை அறிவர். பின்னர் அக்குறை தானே நீங்கிவிடுகின்றது. அஃது எவ்வாறு நீங்குகின்றது என அறிஞர் கண்ட வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவாம்.

தலை ஒருபுறம் திரும்புங்கால் கண்கள் மறுபுறம் திரும்புகின்றன. அதனாலேயே விழித்திரையில் விழும் விம்பம் நிலைத்து நிற்கின்றது. உட்செவியின் அரைவட்டக் கால்வாய்கள் தூண்டும் இத்தெறிவினை, பார்வையின் உதவியை எதிர்பாராது இருளிலும் நிகழும். விரைவே இதன் சிறப்பு. தன் பிழையைத் தானே அறியாமை இதன் குறை.

1890களில் அமெரிக்க உளவியலறிஞர் ஸ்றாற்றன், காட்சியைத் தலைகீழாக்கும் வில்லைகளை அணிந்து தம்மையே சோதித்தார். தலையை அசைக்கும்போது உலகமே சுழல்வதுபோல முதலில் தோன்றிற்று; நாளடைவில் அத்தோற்றம் தணிந்தது. எனினும் அவர் ஆராய்ந்தது காட்சியனுபவத்தையே, கண்ணசைவை அளந்தாரல்லர்.

அக்குறையை நிறைத்தோர் மொன்றியல் நகரின் மக்கில் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் கொன்சோரும் மெல்வில் ஜோன்சும் ஆவர். இடவலம் மாற்றிக் காட்டும் அரியங்களை மாந்தர் சில வாரம் அணிந்தபின், இருளில் அளந்த தெறிவினை பெரிதும் குன்றியதோடு, திசைமாறவும் தலைப்பட்டதென 1976 இல் அவர்கள் வெளியிட்டனர். இதற்கிடையில், 1974 இல் மைல்சு, புல்லர் என்போர், பொருளை இருமடங்கு பெரிதாக்கும் கண்ணாடியை றீசஸ் குரங்குகளுக்கு அணிவித்தனர். சில நாட்களில் அவற்றின் கண்ணசைவு இருமடங்கை நோக்கி உயர்ந்தது. தலையுடன் காட்சியும் சேர்ந்து நகருமாறு அமைத்த பின்னைய சோதனைகளில் அது குறைந்தது. கண்ணாடியை நீக்கி இயல்பான பார்வையை அளித்தவிடத்து, பழைய நிலை மீண்டது.

இக்கல்வி எங்கே நிகழ்கின்றது? மூளியே அவ்விடமென யப்பானிய அறிஞர் மசாவோ இத்தோ 1972 இல் கருதினார். விம்பத்தின் வழுக்கலே அங்குப் பிழையை உணர்த்தும் ஆசான் என்றார். மூளி பிழையைக் கணிப்பதேயன்றி, மாற்றம் பதிவது மூளைத்தண்டிலேயே என 1981 இல் மைல்சும் லிஸ்பேகரும் மறுத்தனர். இரண்டிடங்களுக்கும் பங்குண்டு என்பதே பின்னர் வலுப்பெற்ற கருத்து.

உட்செவி நோயுற்றோர், ஓர் எழுத்தை நோக்கியவாறே தலையை அசைத்துப் பழகும் சிகிச்சைமுறையும் இவ்வுண்மையையே துணைக்கொள்கின்றது. மாறாததெனக் கருதப்பட்ட தெறிவினையும் பிழையினாலே திருத்தமுறுமாயின், பிழைக்கு அஞ்சிப் பயிற்சியைக் கைவிடுதல் அறிவுடைமையாகாது என்பதைக் கற்போர் உணர்வாராக.