ஊர் திரும்பிய பயணியும் பெஸ் நகரத்து உணவும்

வரலாறு என்றதும் மன்னர்களும் போர்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஓர் ஊரில் இறைச்சி என்ன விலைக்கு விற்றது, ஏழை வீட்டு அடுப்பில் என்ன வெந்தது என்பதும் வரலாறுதான். இதை நமக்கு உணர்த்துபவர் இபுனு பதூதா என்னும் பயணி.

ஆப்பிரிக்காவின் வடமேற்கு மூலையில் உள்ள நாடு மொரோக்கோ. அங்கே தாஞ்சியர் என்னும் துறைமுக நகரில் பிறந்த இவர், 1325ஆம் ஆண்டில், தமது 21ஆம் வயதில், மெக்காவுக்குத் தன்னந்தனியாகப் புறப்பட்டார். அப்போது தாயும் தந்தையும் உயிரோடிருந்தனர். மெக்கா சென்றவர் அதோடு நிற்கவில்லை. டில்லியில் நீதிபதியாகப் பணியாற்றினார். கொள்ளைநோய் பரவியிருந்த மதுரையைக் கண்டார். சுமத்ராவுக்கும் வந்து சென்றார்.

1349ஆம் ஆண்டில் தாய்நாடு திரும்பினார். தந்தை இறந்த செய்தியை டமாஸ்கஸ் நகரிலேயே கேள்விப்பட்டிருந்தார். வழியில் தாஸா என்னும் ஊரை அடைந்தபோது, தாயாரும் கொள்ளைநோய்க்குப் பலியானார் என்ற செய்தி கிடைத்தது. 24 ஆண்டுகளுக்குப் பின் வந்தவரை வரவேற்கப் பெற்றோர் இல்லை. அந்தத் துயரத்தோடுதான் அவர் தலைநகரான பெஸ்ஸுக்குள் நுழைந்தார்.

பெஸ் அப்போதே 500 ஆண்டுகளைக் கடந்த நகரம். ஆற்றின் ஒரு கரையில் ஸ்பெயினின் கோர்டோபாவிலிருந்து அகதிகளாக வந்தவர்களும், மறுகரையில் துனீசியாவின் கைரவானிலிருந்து வந்தவர்களும் குடியேறினர். ஆக, அதுவும் வந்தவர்களால் வளர்ந்த ஊரே.

பல அரசவைகளில் விருந்துண்ட இபுனு பதூதா, ஊர் திரும்பியதும் எதைப் புகழ்ந்தார் தெரியுமா? தம் நாட்டுச் சாப்பாட்டைத்தான்! எகிப்தில் ஒரு வெள்ளிக் காசுக்குக் கிடைக்கும் இறைச்சி, இங்கே விலை ஏறிய காலத்திலும் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைக்கும் என்று கணக்குக் காட்டினார். எகிப்தியர் பருப்பையும் கடலையையும் பெரிய அண்டாக்களில் வேகவைத்து நல்லெண்ணெய் ஊற்றி உண்கின்றனர், நம்மவர் அதை ஏறெடுத்தும் பாரார் என்றார். சற்றுப் பெருமைதான்! ஆயினும், அக்காலத்துச் சாதாரண மக்களின் உணவையும் விலைவாசியையும் நாம் இன்று அறிவது இத்தகைய குறிப்புகளால்தான்.

காலம் அவர் பேச்சை மாற்றிவிட்டது. அதே பருப்பும் கடலையும் சேர்ந்த ஹரீரா சூப் இன்று மொரோக்கோ மக்களின் விருப்ப உணவு. அதில் சேரும் தக்காளியை அவர் கண்டதே இல்லை. அது பிற்காலத்தில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. புதினா போட்ட தேநீரும் பின்னர் வந்ததே.

பெஸ்ஸின் பழைய நகரத்தை 1981ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அங்குள்ள குறுகிய சந்துகளில் இன்றும் கோவேறு கழுதைகள் சுமை தூக்குகின்றன. வீட்டில் பிசைந்த மாவைத் தெருவின் பொது அடுப்புக்கு அனுப்பி ரொட்டி சுட்டு வாங்கும் வழக்கமும் உண்டு. காலையில் உழைப்பாளிகள் அவரைப் பருப்பை மசித்து, ஒலிவ எண்ணெயும் சீரகமும் சேர்த்த கஞ்சியில் ரொட்டியைத் தோய்த்து உண்கின்றனர். வெள்ளிக்கிழமைகளில், கோதுமை ரவையை ஆவியில் வேகவைத்த கூஸ்கூஸ் தட்டைச் சுற்றிக் குடும்பமே அமர்கிறது.

சுல்தான் அபூ இனானின் கட்டளைப்படி, இபுனு பதூதா சொல்லச் சொல்ல இபுனு ஜுஸை என்னும் புலவர் எழுதினார். நூல் 1355ஆம் ஆண்டில் நிறைவுற்றது. அவர் எழுதாமல் விட்டிருந்தால், அந்த நினைவுகள் பயணியோடு மறைந்திருக்கும்.

நேயர்களே, பெற்றோரைப் பிரிந்து கடல் கடந்தவர்கள் நம் குடும்பங்களிலும் உண்டு. அவர்கள் கப்பலில் என்ன உண்டார்கள், முதல் சம்பளத்தில் எதை வாங்கினார்கள்? இதைக் கேட்டறிந்த பாட்டிமார், தாத்தாமார் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் சொல்லட்டும், பள்ளி செல்லும் பிள்ளைகள் எழுதட்டும். ஒரு பயிற்சிப் புத்தகம் போதும்.