கிரிப்டோவில் கூலி: கைக்கு வருவது எவ்வளவு?

யாழ்ப்பாணத்தில் இருந்தபடி வெளிநாடுகளுக்கு இணையவழி வேலை செய்கிறேன். இலங்கையில் பேபால் மூலம் பணம் பெற நீண்டகாலமாக வழியில்லாததால், மூன்றாம் தரப்பு கிரிப்டோ சேவைகளை நாடச் சொல்கிறார்கள்.

அதில் மூன்று கழிவுகள் உண்டு: சேவைக் கட்டணம், வலையமைப்புக் கட்டணம், ரூபாவாக மாற்றும்போது விலை வித்தியாசம். பிட்கொயின் வலையமைப்புக் கட்டணம் அனுப்பும் தொகையைப் பொறுத்ததல்ல. நெரிசல் கூடினால் கூடும். 2017 டிசம்பரில் சராசரிக் கட்டணம் 50 டொலரைத் தாண்டியது. சிறு தொகை பெறுபவருக்கே அடி அதிகம்.

இடையில் நிற்கும் நிறுவனம் விழுந்தால் பணமும் முடங்கும். 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் வங்குரோத்தானபோது வாடிக்கையாளர்களுக்கு நடந்தது அதுதான். கிரிப்டோ திட்டங்களை நடத்த எந்த நிறுவனத்துக்கும் அனுமதி வழங்கவில்லை என இலங்கை மத்திய வங்கி 2022 ஜூலையில் அறிவித்தது.

சம்மதிக்க முன், மூன்று கழிவும் போக எத்தனை ரூபா மிஞ்சும் எனக் கணக்குப் பாருங்கள்.