இதோ வர்றேன்!

காலையில் போன் அலாரம் அடித்ததும் 'ஸ்னூஸ்' தட்டிவிட்டுப் புரண்டு படுப்பவரா நீங்கள்? ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் திருப்பாவையில் உங்களுக்கு ஒரு முன்னோடி உண்டு. 15-வது பாசுரத்தைப் பாருங்கள். வாசலில் நின்று தோழிகள் கூப்பிட, உள்ளே இருப்பவள் 'கத்தாதீங்கடி, இதோ வர்றேன்' என்கிறாள். அப்புறம், 'எல்லாரும் வந்தாச்சா?' என்று ஒரு கேள்வி வேறு. 'நீயே வந்து எண்ணிக்கோ!' - பதில் எப்படி?

பக்கத்து ராஜபாளையத்தில் 1936-ல் ராஜபாளையம் மில்ஸ் வந்தது. ஆலைச் சங்கிடம் 'இதோ வர்றேன்' எடுபடுமா? லேட்டானால் கூலி போச்சு!

அந்தக் கெஞ்சலுக்கென்றே ஒரு பட்டன் வைத்த கடிகாரம் 1956-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. பிற்பாடு அது போனுக்குள் புகுந்தது. எத்தனை நிமிடத் தூக்கம் என்பது மட்டும் நாம் வாங்கும் போனைப் பொறுத்தது. ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் 5, 10 என்று நாமே மாற்றிக்கொள்ளலாம். ஐபோனில் 9 நிமிடம், பேரமே கிடையாது. 2025-ல்தான் ஆப்பிள் இறங்கி வந்தது.