பேரனின் ஸ்கோப்பும் நம்ம மலை வரையாடும்

போன மாதம் அமெரிக்காவிலிருந்து பேரன் போன் பண்ணினான். அங்கே லைசென்ஸ் எடுத்துக்கொண்டு மான் வேட்டைக்குப் போகிறார்கள்.

"பாட்டா, நீங்க பட்டாளத்துல துப்பாக்கி பழுது பாத்த ஆளுல்லா. 20 மடங்கு ஸ்கோப் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். வாங்கட்டா?"

"வேண்டாம் மக்கா" என்றேன். ஏன் என்று சொல்லப் போய், பேச்சு நம்ம மலைக்கு வந்து நின்றது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் முதலில் கையில் எடுத்த ஸ்கோப், .303 ஸ்னைப்பர் ரைபிளின் 32-ஆம் நம்பர் ஸ்கோப். இரண்டாம் உலகப் போர்க் காலத்தது. வெறும் 3 மடங்குதான் பெரிதாக்கும். எந்த ஸ்கோப் எந்த ரைபிளுக்கு என்று கட்டையிலேயே நம்பர் அடித்திருக்கும். பொருத்தம் பார்த்துக் கட்டி வைத்த ஜோடி மாதிரி, மாற்றிப் போடக் கூடாது.

மடங்கு கூடக்கூட வெளிச்சம் குறையும். முன்கண்ணாடி 40 மில்லிமீட்டர் என்றால், 8 மடங்கில் கண்ணுக்கு வருகிற ஒளி வட்டம் 5 மில்லிமீட்டர். 20 மடங்கில் 2 மில்லிமீட்டர். மான் மேய வருவதோ விடியலிலும் அந்தியிலும். போதாக்குறைக்கு, கை நடுக்கமும் 20 மடங்காகத் தெரியும். 3 முதல் 9 மடங்கு வரை மாற்றுகிற ஸ்கோப் தாராளம்.

பொருத்துவதில்தான் வேலை இருக்கிறது. கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் மூன்று, மூன்றரை அங்குலம் இடைவெளி வேண்டும். இல்லையென்றால் சுடும்போது பின்னுக்கு வந்து புருவத்தைக் கிழித்துவிடும். தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிட்டு, உள்ளே தெரிகிற குறுக்குக் கம்பி அந்த நூலோடு ஒத்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு 100 கஜத்தில் மூன்று குண்டு. இப்போது வருகிற ஸ்கோப்புகளில் பெரும்பாலும் ஒரு கிளிக் திருகினால் 100 கஜத்தில் கால் அங்குலம் நகரும். குண்டு இரண்டு அங்குலம் கீழே பட்டால் எட்டு கிளிக் மேலே. 300 கஜத்தில் அதே ஒரு கிளிக் முக்கால் அங்குலம்.

ஒரு தடவை அடித்தட்டுத் திருகு ஒன்றை நான் சரியாக முறுக்காமல் விட்டுவிட்டேன். முதல் சில குண்டுகள் ஒழுங்காகப் போயின. பிறகு இலக்கை விட்டு விலகிக்கொண்டே போயிற்று. சுட்ட பையனுக்குக் கிடைத்த ஏச்சு எனக்கு வர வேண்டியது. மறுநாள் போய் ஒத்துக்கொண்டேன். ஆனாலும் அவன் முகம் இன்றும் மறக்கவில்லை.

"நம்ம ஊர்லயும் இப்படித்தான் சுட்டாங்களா பாட்டா?" என்றான்.

நம்ம பக்கத்து எஸ்டேட்டுகளில் நான் சிறுவயதில் பார்த்தது ஒற்றைக்குழல் துப்பாக்கிதான். நாற்பது, ஐம்பது அடி தூரத்து சமாசாரம். எட்டத்திலிருந்து சுடுகிற வேட்டை என்றால் அது வெள்ளைக்காரர்கள் நீலகிரியில் ஆடிய வரையாட்டு வேட்டை. சங்கப் பாடல்களில் வருடை என்று வருவதும் இந்த வரையாடுதான் என்பார்கள்.

ஆடு குறைந்துபோகவே, 1877-இல் நீலகிரி வேட்டைச் சங்கம் தொடங்கினார்கள். 1879-இல் சட்டமும் வந்தது. பெட்டையை விட்டுவிட்டு முதிர்ந்த கிடாவை மட்டும் சுட வேண்டும் என்பது முறை. அந்தக் கிடாவின் முதுகில் சேணம் போட்ட மாதிரி வெளுப்பு இருக்கும், 'சேடில்பேக்' என்பார்கள். பாறை விளிம்பில் நிற்பது கிடாவா பெட்டையா என்று அவ்வளவு தூரத்திலிருந்து பார்க்க தொலைநோக்கி வேண்டும். எதைச் சுடலாம் என்பதைவிட, எதை விட வேண்டும் என்று காட்டியதுதான் அந்தக் கண்ணாடி செய்த பெரிய வேலை.

வரையாடு ஆபத்தைக் கீழே பார்த்துத்தான் எதிர்பார்க்கும். அதனால் சுற்றி ஏறி, மேலேயிருந்து சுடுவார்கள். அதிலும் கணக்கு உண்டு. 30 டிகிரி சரிவில் 300 கஜம் என்றால், 260 கஜத்துக்கு வைக்கிற குறிதான் வைக்க வேண்டும். இல்லையென்றால் குண்டு மேலே போய்விடும். காயம்பட்ட ஆடு பாதாளத்தில் விழுந்தால் யாருக்கும் இல்லை.

1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்த வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. குன்னூர் வக்கீல் ஈ.ஆர்.சி. டேவிதார் ஒரு காலத்தில் வேட்டையாடியவர். அவர்தான் 1970-களில் மலைமலையாக ஏறி வரையாடுகளை எண்ணினார்; சுமார் 2,200 என்று கணக்குச் சொன்னார். 2025-இல் தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்து எண்ணியபோது 2,668. அதில் நம்ம மாநிலத்தில் 1,303. நம்ம அசம்பு மலைதான் வரையாட்டின் தென்கோடி. அங்கே வரையாட்டுமொட்டை என்று ஒரு மலைக்கே பேர் இருக்கிறது.

கடைசியாகப் பேரனிடம் ஒன்று சொன்னேன். "ஸ்கோப் வாங்குறதுக்கு முன்ன ஒரு பைனாகுலர் வாங்கு. துப்பாக்கியைத் தூக்கி வேடிக்கை பாக்காத. ஸ்கோப் பாக்குற இடத்தையெல்லாம் குழலும் பாக்கும். அங்க நிக்கது மனுசனாவும் இருக்கலாம்."

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கூப்பிட்டான். புதருக்குள் அசைவு தெரிந்ததாம். பைனாகுலரில் பார்த்தால் பெட்டை. அவன் லைசென்ஸ் கிடாவுக்கு மட்டும்.

"கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன் பாட்டா. பிறகு வந்துட்டேன்" என்றான்.