வட்டத்தில் ஓர் இடம்

ஆடலும் பாடலும் மேடையேறுவதற்கு நெடுங்காலம் முன்பே வட்டமாக நின்று பழகியவை. மேடை வந்தபின் ஆடுவோர் வேறு, காண்போர் வேறு என்றாயிற்று. வட்டத்தில் அப்பிரிவு இல்லை; நிற்பவர் யாவரும் ஆடுவோரே. ஆயினும் வட்டத்திற்கும் உட்புறம், வெளிப்புறம் என இரண்டு உண்டு. முதன்முறையாக வந்து நிற்கும் புதியவரை உள்ளிருப்போர் எவ்வாறு ஏற்கின்றனர் என்பதிலேயே அக்கலையின் வரலாறு பெரிதும் அடங்கியிருக்கிறது. நம் கொங்கு நாட்டு வள்ளிக்கும்மியைக் கொண்டு இதனைச் சிறிது சிந்திப்போம்.

கும்மி தமிழகமெங்கும் பெண்கள் கைகொட்டி ஆடுவது. ஒயில் பெரும்பாலும் ஆடவருக்கு உரியதாயிருந்தது. இவ்விரண்டின் சாயலும் கலந்து, வள்ளி திருமணக் கதையைப் பாட்டாகக் கொண்டது வள்ளி ஒயில் கும்மி. மாலையில் வேலை முடிந்தபின் ஊர்ப் பொதுவிடத்தில் மக்கள் கூடுவர். ஆசிரியர் ஓரடி பாட, வட்டத்தார் அதனையே திருப்பிப் பாடிக் கால் மாற்றி ஆடுவர். ஏடும் எழுத்தும் இங்கே வேண்டுவதில்லை. புதியவர் முன்னிற்பவரின் காலைப் பார்க்கிறார். பக்கத்திலிருப்பவரின் கையோசையைக் கேட்கிறார். தாளம் தவறினால் அடுத்த சுற்றில் சேர்ந்துகொள்கிறார். பல நாள் பழகியபின் ஊரார் முன் அரங்கேற்றம் நிகழும். தவறிழைப்பவரையும் வட்டம் சுமந்து செல்வதே இக்கல்விமுறையின் சிறப்பு எனலாம்.

ஆனால் இந்த வட்டமும் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. நெடுங்காலம் அது ஆடவரின் ஆட்டமாகவே இருந்தது. அவ்வழக்கத்தை மாற்றிப் பெண்களுக்கும் இக்கலையைப் பயிற்றுவித்தவர் கோவை மாவட்டத்துக் கலைஞர் பத்ரப்பன். புராணக் கதையோடு நாட்டு வரலாற்றையும் சமூகச் செய்திகளையும் பாட்டில் சேர்த்தவர் அவர். 2024-ஆம் ஆண்டு, தமது 87-ஆம் வயதில், அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இன்று கொங்கு நாட்டு ஊர்களில் வள்ளிக்கும்மி வட்டங்களை நிரப்புவோரில் பெருந்தொகையினர் பெண்களும் சிறுமியருமே. ஒரு பாதியைத் திறந்துவிட்டதால் கலை குறையவில்லை; அதனாலேயே அது தழைத்தது.

கடல் கடந்த வேறொரு மலைநாட்டிலும் இதனை ஒத்த செய்தி ஒன்றைக் காண்கிறோம். அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியின் பழைய இசை மரபுகளிலிருந்து வளர்ந்தது புளூகிராஸ் இசை. கென்டக்கியில் 1911-இல் பிறந்த பில் மன்றோவின் இசைக்குழுப் பெயரிலிருந்தே இப்பெயர் வந்தது. அந்த இசையை விரும்புவோர் இன்றும் கருவிகளோடு வட்டமாக அமர்ந்து வாசிக்கின்றனர். புதியவர் முதலில் வெளிவட்டத்தில் அமர்ந்து, பிறர் பாட்டை மறைக்காதபடி மெல்லத் தாளம் மட்டும் கூட்டுவார். தனித்து வாசிக்கும் முறை ஒவ்வொருவராகச் சுற்றி வரும்; இயலாதவர் தலையசைத்து அடுத்தவருக்கு விட்டுவிடலாம். அதனை யாரும் குறையாகக் கருதுவதில்லை.

அவ்வட்டத்தின் உட்கதை இன்னும் ஆழமானது. அதில் ஒலிக்கும் பிடில் ஐரோப்பாவிலிருந்து குடியேறியோர் கொண்டு வந்தது. பாஞ்சோ என்னும் கருவியின் மூலமோ, அடிமைகளாக அங்குக் கொண்டுசெல்லப்பட்ட ஆப்பிரிக்க மக்களிடம் இருக்கிறது. ஆர்னால்டு ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞரிடம் தாம் கற்றதை மன்றோ வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். ஆயினும் அந்த இசை வெள்ளையருக்கே உரியது என்ற எண்ணம் நெடுநாள் நிலவியது. கருவியை ஏற்றுக்கொண்ட வட்டம், அதனைத் தந்தவரை மறந்துபோயிற்று.

இத்தகைய மறதி நம்மிடமும் நேரக்கூடும். வள்ளிக்கும்மி மேடைகள் ஒரு சாதியின் பெருமைக்குக் களமாகின்றன என்ற கவலை அண்மை ஆண்டுகளில் பொதுவெளியில் எழுந்துள்ளது. அவ்வாறு ஆக்க எண்ணுவோர் தாம் பாடும் கதையைச் சற்று உற்று நோக்க வேண்டும். வள்ளி வேடர் தலைவன் நம்பியின் வளர்ப்பு மகள், தினைப்புனம் காத்தவள். அவளை நாடி வருபவன் அந்தக் குடியைச் சேர்ந்தவன் அல்லன். வேடனாகவும், வேங்கை மரமாகவும், முதியவனாகவும் உருமாறி வரும் புதியவன். குலம் கடந்த திருமணம் ஒன்றைப் பாடிக்கொண்டே குலத்திற்கு வேலி கட்டுவது எங்ஙனம் பொருந்தும்? பாட்டே அதற்குச் சான்று சொல்லாதன்றோ?

வால்பாறை மலையில் வாழும் நமக்கு இக்கேள்வி மிக அருகில் இருக்கிறது. காடர் முதலிய பழங்குடி மக்களைத் தவிர, இங்கு நாம் யாவரும் வந்தேறியவர்களே. 1890-களில் கார்வர் மார்ஷ் போன்ற தோட்டக்காரர்கள் காடழித்துத் தோட்டம் அமைத்தபின், கங்காணிமார் வழியாகச் சமவெளி மாவட்டங்களிலிருந்து நம் முன்னோர் மலையேறினர். வெவ்வேறு ஊர்ப் பேச்சும் வழக்கமும் கொண்டோர் ஒரே லயத்தில் சுவரோடு சுவராக வாழ்ந்து, ஒருவர் பாட்டை மற்றவர் கற்றனர். அவர்களின் பிள்ளைகள் பலர் வேலை தேடித் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிவிட்டனர். அவர்கள் விட்டுச்சென்ற இடத்தில் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தோர் கொழுந்து பறிக்கின்றனர்.

ஜார்க்கண்டின் உராவோன், முண்டா மக்களுக்கு வட்ட ஆட்டம் புதியதன்று. ஊர்தோறும் அக்ரா எனப்படும் ஆடுகளம் அமைத்து, கைகோத்து, பறையொலிக்கு ஆடும் மரபு அவர்களுடையது. கும்மியின் காலடி அவர்களுக்கு விரைவில் பிடிபடும்; அவர்களின் அடவு நமக்கும் பிடிபடக்கூடும். மொழி தெரியாமை ஒரு பெருந்தடையன்று. முதல் நாளில் பாட்டின் பொருள் முழுதும் அறிந்து வட்டத்தில் நின்றவர் நம்மிலும் எவரும் இலர்.

வட்டத்தில் ஒருவரைச் சேர்க்க ஏற்கெனவே நிற்பவர்கள் செய்ய வேண்டுவது மிகச் சிறிது: இருபுறமும் ஓரடி விலகிக்கொள்வது. அவ்வளவில் வட்டம் சற்றே பெரிதாகிறது, ஆட்டம் தடைப்படுவதில்லை. வருகின்ற விழாநாளில் நம் தோட்டத்து ஆடுகளத்தின் ஓரத்தில் கைகட்டி நிற்கும் புதிய முகத்தைக் கண்டால், அந்த ஓரடியை விலகிக் கொடுப்போம்.