விமான நிலையச் சோதனைக்கும் சட்டத்தால் எல்லை வகுக்கலாம்

"பாதுகாப்புக்காக என்று சொன்னால் நாம் என்ன செய்ய முடியும்?" விமான நிலையச் சோதனை பற்றிப் பேசும்போது பலரும் இப்படித்தான் முடிக்கிறார்கள். குடியியற் கல்வி கற்பிக்கும் ஆசிரியர் என்ற வகையில் இதை என்னால் ஏற்க முடிவதில்லை. சோதனை அவசியமே. ஆனால் அதற்கும் சட்டத்தால் எல்லை வகுக்கலாம். அமெரிக்காவின் அனுபவம் இதற்கு நல்ல உதாரணம்.

2001 செப்டம்பர் தாக்குதலையடுத்து, அதே ஆண்டு நவம்பரில் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் அங்கு சட்டத்தின் மூலம் உருவாக்கப்பட்டது. 2010 இல், ஆடைக்குள் இருக்கும் உடலின் வடிவத்தையே திரையில் காட்டும் ஸ்கேனர்கள் பரவலாகின. மறுத்தவர்களின் உடலைக் கைகளால் தடவிச் சோதித்தார்கள். ஹயாவைப் பேணும் முஸ்லிம் பெண்களுக்கு மட்டுமன்றி, எல்லா மதத்தவருக்கும் இது மானப் பிரச்சினையாயிற்று.

2011 இல் டெக்சாஸ் மாநிலப் பிரதிநிதிகள் சபை ஒரு சட்டமூலத்தை ஏகமனதாக நிறைவேற்றியது. தகுந்த காரணமின்றிப் பயணியின் அந்தரங்க உறுப்புகளைத் தொடும் அதிகாரி குற்றவாளி என்றது அது. மாநிலச் சட்டம் மத்திய அரசின் அதிகாரிகளைக் கட்டுப்படுத்தாது என்றும், விமானங்கள் இரத்தாகலாம் என்றும் மத்திய நீதித் திணைக்களம் எச்சரித்தது. சட்டமூலம் சட்டமாகவில்லை.

அடுத்த ஆண்டு வேறு வழி பலித்தது. 2012 இன் விமானப் போக்குவரத்துச் சட்டத்தில், ஸ்கேனர்கள் பயணியின் உண்மையான உடலை அல்ல, எல்லோருக்கும் பொதுவான ஓர் உருவத்தை மட்டுமே காட்ட வேண்டும் என்ற நிபந்தனையைக் காங்கிரஸ் சேர்த்தது. அதற்கேற்ப மாற்ற முடியாத இயந்திரங்கள் 2013 இல் விமான நிலையங்களிலிருந்து அகற்றப்பட்டன. சோதனை நிற்கவில்லை, அவமானம்தான் குறைந்தது.

இங்கே இரண்டு பாடங்கள் உள்ளன. முதலாவது, அதிகாரத்தை வழங்கிய சபையே அதைக் கட்டுப்படுத்தவும் வேண்டும். இரண்டாவது, "கண்ணியமாக நடத்துங்கள்" என்ற பொதுவான வேண்டுகோளை விட, எதைச் செய்யக் கூடாது, எத்திகதிக்குள் மாற்ற வேண்டும் என்று எழுதிய விதியே பலன் தரும்.

இன்று சர்ச்சை முகத்தை அடையாளம் காணும் கெமராக்கள் பற்றியது. அவற்றை மட்டுப்படுத்தும் சட்டமூலத்தை 2023 நவம்பரில் செனட்டர்கள் ஜெஃப் மெர்க்லி, ஜோன் கென்னடி ஆகியோர் முன்வைத்தனர். ஒருவர் ஜனநாயகக் கட்சி, மற்றவர் குடியரசுக் கட்சி.

அமெரிக்கா செல்லும் நம் சகோதரிகள் ஒன்றை அறிந்திருப்பது நல்லது. ஹிஜாபைச் சோதிக்க நேர்ந்தால், பெண் அதிகாரியையும் தனி அறையையும் கேட்கலாம். கேட்பதற்குத் தயங்க வேண்டாம். பயணச்சீட்டு வாங்கியதால் நமது கண்ணியத்தை விற்றுவிட்டதாகாது.